பச்சைக்காலியின் செம்பு ஒட்டு

ரொட்டியை வாங்குவதற்கு முன் வாசுதேவன் அதைத் தட்டிப் பார்ப்பார். ஆள்காட்டி விரலை மடக்கி, அடிப்பக்கத்தில் இரண்டு தட்டு. காதருகே கொண்டுபோய் இன்னொன்று. கடைக்காரப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். வரிசையில் நிற்கும் கிழவிகள் ஆரம்பத்தில் முறைத்தார்கள். இப்போது அவர் தட்டி எடுத்த ரொட்டிக்குப் பக்கத்து ரொட்டியைக் கேட்டு வாங்குகிறார்கள். "பக்கத்து ரொட்டியும் நல்லா இருக்கும்னு எப்படி சார் நம்புறாங்க? அடுப்புல மூலைக்கு மூலை சூடு வேற" என்று வெளியே வந்ததும் சொல்வார்.

கிழக்கு ஜெர்மனியில், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீராவிக் கொதிகலன்களை ஆராய்பவர் அவர். ஊர் திருச்சி பொன்மலை. அங்கே ரயில்வே பணிமனையில், எஞ்சின் கொதிகலனுக்குள் தவழ்ந்து போய், உள்ளே தாங்கி நிற்கும் கம்பிகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. முழுக் கம்பி மணியைப் போல ஒலிக்கும். உள்ளே முறிந்தது, வெளியே எவ்வளவு பளபளத்தாலும், மண்சட்டியைப் போல ஒலிக்கும். அந்த வேலையை விட்டு வெகு காலமாயிற்று. கைதான் விடவில்லை. பால் புட்டி, டிராம் ஜன்னல், பேராசிரியரின் மேஜை, எதையும் ஒரு தட்டுத் தட்டாமல் அவரால் கடக்க முடியாது.

"கண்ணு பொய் சொல்லும் சார். வாய் அதைவிட ஜாஸ்தி சொல்லும். சவுண்டு மட்டும்தான் பொய் சொல்லாது."

நாங்கள் தங்கியிருந்த விடுதியில் குடிவந்த அன்று, ஒட்டுக்கேட்கும் கருவி உண்டா என்று அறையின் நான்கு சுவர்களையும் தட்டிப் பார்த்தாராம். வேறு ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை, ஜன்னலைச் சாத்தினார்கள். சாம்பார்ப் பொடி டப்பாவின் மூடி மேல் அவர் ஒரு கடுகு வைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது கடுகு உருண்டிருந்தால், அன்று முழுவதும் அறைக்குள்ளேயே தாழ்ந்த குரலில்தான் பேசுவார். தெருவில் கனமான லாரி போனாலும் கடுகு உருளும் என்று ஒரு முறை சொன்னேன். "அந்த லாரி ஏன் சார் இந்தத் தெருவுல வருது?" என்று கேட்டார்.

எதையும் நம்பாமலிருப்பதை ஒரு கொள்கையாக எழுதிவைத்தவர்களைப் படித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கொள்கையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். வாசுதேவன் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியின் பொது அடுப்பில் நாங்கள் மூவர் சேர்ந்து சமைப்போம். மூன்றாமவர் சியாமளா, கோயம்புத்தூர்க்காரர், ஜவுளிச் சாயங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர் கொதிக்கும் பருப்பைக் கரண்டியால் தூக்கிக் காட்டி, "வாசு சார், இதையும் ஒரு தட்டுத் தட்டிட்டீங்கன்னா எறக்கிடலாம்" என்பார். வாசுதேவன் சிரிக்காமல் கரண்டியை முகர்ந்து பார்ப்பார்.

இந்த மனிதர் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் ஒரு கப்பலோடு உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

எல்பே நதிக்கு அந்தப் பக்கத்தில், ஒரு கலாச்சார மன்றத்தின் தரைத்தளத்தில், மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் கூடுகிறார்கள். பழுப்பு நிலக்கரி அடுப்பின் புகை, வார்னிஷ், ஈரக் கோட்டுகள் மூன்றும் சேர்ந்த வாடை. நடு மேஜையில் ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றிருந்தது வாசுதேவனின் கப்பல். விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலப் போர்க்கப்பல். ஸ்லூப் என்ற சிறிய வகை. மூன்று பாய்மரங்களும் உண்டு, வயிற்றுக்குள் நீராவி எஞ்சினும் உண்டு. பெயர் கிரீன்ஷாங்க். அது ஒரு பறவையின் பெயர். கோடிக்கரைக்கு வந்து போகும் பச்சைக்காலிதான் அது. வாசுதேவன் கப்பலையும் பச்சைக்காலி என்றே சொல்வார்.

அந்தக் கப்பலின் எஞ்சின் படம் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய பொறியியல் தொகுதியில் அவருக்குக் கிடைத்தது. லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டதில் கப்பலின் பணி வரலாற்றைச் சில தாள்களில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். முதலில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை; அடிமைகளை ஏற்றிச் செல்லும் அராபியப் பாய்மரப் படகுகளைத் துரத்திப் பிடிக்கும் பணி. பிறகு பாரசீக வளைகுடா. பிறகு திரிகோணமலையில் புதிய கொதிகலன். பிறகு சீனக் கரை. கடைசியில் மரங்களையும் எஞ்சினையும் பிடுங்கிவிட்டு, மற்றக் கப்பல்களுக்குக் கரி கொடுக்கும் மிதவையாக ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டு, உடைத்து விற்றார்கள்.

இந்த வரலாற்றை அவர் ரொட்டியைப் போலத்தான் தட்டினார். "விடுதலை செய்யப்பட்டனர்னு போட்டிருக்கான். சரி. எங்க கொண்டுபோய் எறக்கினான்? அதைப் போடலை பாருங்க. எறக்கிவிட்ட கரையில கரும்புத் தோட்டம் இருந்துச்சா இல்லையா? தோட்டக்காரன் கையில கான்ட்ராக்ட் ரெடியா இருந்துச்சா இல்லையா?" இந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மூச்சில், "கொதிகலனை இவ்வளவு சீக்கிரம் மாத்தியிருக்கான். உப்புத் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்கான் திருட்டுப் பய" என்று செத்துப்போன கப்பல் தலைவன்மேல் பாய்வார். இரண்டுக்கும் ஒரே அளவு கோபம்.

கப்பலில் அவருக்குப் பிடித்தது அதன் புகைபோக்கி. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயாக இறங்கிவிடும். காற்று சாதகமாக இருந்தால் கரியை மிச்சப்படுத்த, புகைபோக்கியை இறக்கி, பின்புறத்தில் கப்பலைத் தள்ளும் விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டுப் பாயில் போவார்கள். அப்போது தூரத்தில் இருப்பவனுக்கு அது ஏதோ சாதாரணப் பாய்க்கப்பல். அருகில் வந்ததும் புகைபோக்கி எழும்பும். "மூஞ்சியை மாத்திக்கிற கப்பல் சார்" என்று சொல்லி, ஒரு சிறு திருகைச் சுற்றி, ஏற்றி இறக்கிக் காட்டினார். அவர் எதையாவது பாசத்தோடு தொட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எஞ்சினும் புகைபோக்கியும் அவர் கைவேலை. உடல் முழுவதும் வெர்னர் நோவாக்கின் வேலை. நோவாக் டிராம் பணிமனையில் தகடு அடிப்பவர். தடித்த கண்ணாடி, ஓயாத வாய். அவருக்கு ஒரு விதி உண்டு. உண்மையான கப்பலுக்கு நடந்ததெல்லாம் மாதிரியின் உடம்பிலும் இருக்க வேண்டும். முன்பு ஒரு டிராம் வண்டிக்கு மாதிரி செய்தபோது, அந்த நிஜ வண்டி எப்போதோ ஒரு பால் வண்டியில் மோதி வாங்கிய நெளிவையும் அதே இடத்தில் அடித்து வைத்தாராம். "அடிபட்ட தழும்பு இல்லையென்றால் அது கடைப் பொம்மை" என்பார். ஆகவே சனிக்கிழமைதோறும் வாசுதேவனைக் கேட்பார்: லண்டனிலிருந்து கடிதம் வந்ததா? என்ன எழுதியிருக்கிறார்கள்? வேறு யாருக்காவது எழுதினாயா? அடுத்த கடிதம் எப்போது?

கிழக்கு ஜெர்மனியில், அந்த ஆண்டுகளில், மேற்கிலிருந்து கடிதம் வாங்கும் ஓர் அயல்நாட்டவனிடம் வேவு பார்க்கிறவர்கள் வாராவாரம் கேட்கும் கேள்விகள் இவை.

போதாக்குறைக்கு, ஒரு நாள் பியர் குடித்துக்கொண்டிருந்தபோது நோவாக் கையை நீட்டி, "இனிமேல் நீ என்றே கூப்பிடு. நான் வெர்னர்" என்றார். ஜெர்மன்காரர்களிடம் நீங்கள் என்பது நீ ஆவது சின்ன விஷயமல்ல. ஒரே அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் நீங்கள் என்றே பேசி ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. இந்த நகரத்தில் வாசுதேவனை நீ என்று அழைத்த ஒரே ஆள் நோவாக்தான். கையைக் குலுக்கிவிட்டு வந்தவர் என்னிடம் கேட்டார்: "திடீர்னு ஏன் சார் நீ? எதுக்கு இவ்வளவு கிட்ட வரான்?"

பிறகு அவர் செய்தது பொன்மலைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். கொதிகலனில் பற்றவைத்த இணைப்பைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி உலரவிடுவார்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் அதில் புகுந்து வந்து வெள்ளைச் சுண்ணாம்பில் கறையாகத் தலைகாட்டும். வாசுதேவன் அதை நோவாக்குக்குச் செய்தார். நோவாக் ஒருவரிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்வது. அது வேறெங்காவது தலைகாட்டினால் விரிசல் நோவாக்கில்தான்.

பொய்க்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பாம்பன். லண்டனிலிருந்து புதிய கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். பச்சைக்காலி பாம்பன் பாறையில் உரசிவிட்டது. அடிமரத்தைப் புழு அரிக்காமல் போர்த்தியிருந்த செம்புத் தகடு கிழிந்துவிட்டது. கப்பலில் மாற்றுத் தகடு இல்லை. ராமேஸ்வரத்துக் கன்னார்கள் வந்து, செம்புக் குடங்களை வெட்டித் தட்டையாக அடித்து ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

நோவாக் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நீர்மட்டத்துக்குக் கீழேயா?"

"கீழே."

"எவ்வளவு பெரியது? நம் மாதிரியில்?"

வாசுதேவன் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நோவாக் அதை அப்படியே ஓர் அட்டையின் மேல் வைக்கச் சொல்லி, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார். உங்கள் ஊரில் சுத்தியலை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டார். அதையும் காட்ட வேண்டியதாயிற்று.

குளிர்காலம் முடிவதற்குள் கறை தெரிந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வாசுதேவன் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, "உங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீர்க் குடத்தால் கப்பலையே சரிசெய்தார்களாமே" என்றார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

அன்று மாலை என் அறைக்கு வந்த வாசுதேவன் கோட்டைக் கழற்றாமல் நின்றார். "லீக் கன்ஃபர்ம் சார்" என்றார். குரலில் வெற்றி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. யாரோ ஒருவர் அவரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் அது முடியாமலே போகும். "இத்தனை நாள் நான் என்னென்ன பேசினேன்னு ஒண்ணொண்ணா யோசிச்சுப் பாக்கறேன். ஊரைப் பத்தி பேசியிருக்கேன். எங்கப்பா செத்தது பத்திகூட பேசியிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை போவதை நிறுத்திக்கொண்டார். மூன்றாவது வாரம் நோவாக் விடுதிக்கே தேடி வந்தார். வாசுதேவன் இல்லை என்று சொல்லச் சொன்னதால் நான் இல்லை என்றேன். நோவாக் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நகமளவு சிறிய செம்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் சுத்தியல் அடித்த குழி. எந்தச் சிவப்பு சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல் என்று ஒரு துண்டுச் சீட்டு. வாசுதேவன் ஒரு தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார் எரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமைச் சமையலின்போது சியாமளாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவேயில்லை.

"பாம்பன் கதைதானே? எனக்கு டிசம்பர்லயே தெரியுமே. முடிவெட்டற கடையில அந்தம்மா சொன்னாங்க, உங்க நாட்டுல இப்படியாமேன்னு. அவங்க வீட்டுக்காரர் டிராம் டிப்போவுல வேலை பாக்கறாரு. அங்க கேன்டீன்ல தெனமும் இதே பேச்சாம்."

வாசுதேவன் அடுப்பைத் தணித்தார்.

"சார், ஒரு ஆள் கிட்ட மட்டும் சொல்லி லீக் பாக்கணும்னா அந்த ஆளு வாயை மூடற ஆளா இருக்கணும். சல்லடைக்குப் போயி யாராவது மண்ணெண்ணெய் டெஸ்ட் பண்ணுவாங்களா?"

"சல்லடைன்னா சரிம்மா. சல்லடை மாதிரி வேஷம் போட்டா?"

"அப்ப நானும் வேஷம். இந்த வெங்காயமும் வேஷம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது போகட்டும். குடத்தை வெட்டினாங்களா? எந்த ஊர்ல சார் பொம்பளைங்க செப்புக் குடத்தை வெட்டக் கொடுப்பாங்க? பொய் சொல்றதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?"

வாசுதேவன் முதல் தடவையாகச் சங்கடப்பட்டுச் சிரித்தார். ஆனாலும் தட்டி ஓசை கேட்கிற முகம்தான் அது. சோதனை ஒன்றும் நிரூபிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. நோவாக் கெட்டவர் என்றும் நிரூபிக்கவில்லை, நல்லவர் என்றும் நிரூபிக்கவில்லை. சந்தேகத்தில் எனக்குத் தெரிந்த பெரிய குறை இதுதான்: அது தன்னைச் சோதித்துக்கொள்ள எப்போதும் பிறரையே பயன்படுத்துகிறது.

வசந்தத்தில் மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. அதற்கு முந்தைய வாரம் நானும் அவரும் எட்டிப் பார்த்தோம். சுவரில் கப்பலின் பணி வரலாறு பெரிய எழுத்தில் பலகையாக மாட்டப்பட்டிருந்தது. அடிமைப் படகுகள் ஒரு வரி. சீனக் கரை ஒரு வரி. எங்கே இறக்கிவிட்டார்கள் என்று வாசுதேவன் கேட்டு எழுதித் தந்த கேள்வியை, இடமில்லை என்று மன்றத் தலைவர் எடுத்துவிட்டிருந்தார். பாதிப் பலகைக்குப் பாம்பன் இருந்தது. காலனி நாட்டுத் தொழிலாளிகளின் கைகள் இல்லாவிட்டால் பேரரசின் கப்பல் மூழ்கியிருக்கும் என்று முடிந்தது. அடியில், வரலாறு தொகுத்தவர்: பொறியாளர் வாசுதேவன், இந்தியா.

எந்த வரலாற்றையும் நம்பாதவரின் பெயரில், அவர் நிச்சயமாகப் பொய் என்று அறிந்த ஒன்று மட்டும் பெரிய எழுத்தில் நின்றது.

டிராமில் திரும்பும்போது ஜன்னலைத் தட்டாமல் வந்தார். "சொல்லிடணும் சார்" என்றார். "ஆனா எப்படி? பொய்யின்னு சொன்னா ஏன் பொய் சொன்னேன்னு கேப்பான். உன்னை டெஸ்ட் பண்ணேன்னு சொல்லணும். அவன் நல்லவனா இருந்தா அதோட என் மூஞ்சியில முழிக்க மாட்டான். கெட்டவனா இருந்தா, இந்தியாக்காரன் பொறி வைக்கிறான்னு எழுதிடுவான்." அடுத்த நிறுத்தம் தாண்டியதும், "ரெண்டுல எது நடந்தா பரவாயில்லைன்னு பாத்தேன். கெட்டவனா இருந்தாத் தேவலைன்னு தோணுது. அது நல்லாவா இருக்கு?" என்றார்.

நல்லாயில்லை என்றேன்.

கண்காட்சி அன்று வாசுதேவன் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். "இன்னைக்குச் சொல்லிடறேன்" என்று வாசலிலேயே சொன்னார். அறை நிறையக் கூட்டம். டிராம் பணிமனைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அயல்நாட்டவர் அலுவலகத்து அதிகாரியும் ஒரு சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் சும்மா வந்தவரா, வேலையாக வந்தவரா, தெரியவில்லை.

பச்சைக்காலி, அடிப்பாகம் தெரியும்படி உயரமான தாங்கியில் நின்றது. புகைபோக்கி ஏறியிருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே பழஞ்செம்பு மங்கிய பழுப்பு. அதன் நடுவில், இடது பக்கத்தில், ஓர் ஒட்டு மட்டும் சிவந்து, சுத்தியல் குழிகளோடு, வெயில் பட்ட குடத்தின் தோள் போல மின்னியது. அந்தக் கப்பலிலேயே மிக நல்ல வேலை அதுதான். இதை நான் எளிதில் சொல்பவனல்ல.

நோவாக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடுவில் வராமல் போன வாரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாயாடியான மனிதர் அதைக் கேட்காமல் விட்டதும் வாசுதேவனுக்கு ஒரு கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

"வெர்னர், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று வாசுதேவன் தொடங்கினார்.

"முதலில் இதைத் தட்டிப் பார்" என்றார் நோவாக். "உன்னைத் தெரியும். தட்டிப் பார்க்காமல் நீ நம்ப மாட்டாய். நீ வருகிறவரை யாரையும் தொடவிடவில்லை."

பணிமனைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரியும் சிறுமியை இறக்கிவிட்டுப் பார்த்தார். வாசுதேவன் குனிந்தார். வழக்கம்போல ஆள்காட்டி விரலை மடக்கி, செம்பு ஒட்டுக்கு அருகே கொண்டுபோனார். காதையும் சாய்த்தார். விரல் அங்கேயே நின்றது.

பிறகு மடங்கிய விரல் மெதுவாக நிமிர்ந்தது. மற்ற விரல்களும் விரிந்தன. அவர் உள்ளங்கையை அந்த ஒட்டின் மேல் முழுவதுமாக வைத்தார். அது அவர் கையின் அளவே இருந்தது. செம்பு கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை. கையை எடுக்காமலே நின்றார்.